கிணற்றில் போட்ட கல்

வேண்டாததை விலக்குவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரோடு உறவை முறித்துக்கொண்டால் தலைமுழுகிவிட்டோம் என்கிறோம். ஒரு பொறுப்பிலிருந்து நழுவினால் கைகழுவிவிட்டோம் என்கிறோம். அரசு அலுவலகத்தில் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்டால், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது என்று பதில் வருகிறது. மூன்றிலும் நீர் இருக்கிறது. நீரில் இட்டது கண்ணைவிட்டு மறைகிறது. மறைந்தது இல்லாமலே போய்விடுகிறது என்றொரு நம்பிக்கை இச்சொற்களுக்குள் எங்கோ பதுங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் 1998 ஜனவரிப் பிரதி நம் கைக்கு வந்தது. அதிலிருந்த ஒரு கட்டுரை, அணு உலைகளின் கழிவை ஆழ்கடல் தரைக்கு அடியில், சேற்றுக்குள் புதைத்துவிடலாம் என்று வாதிட்டது. எழுதியவர்கள் சார்லஸ் ஹாலிஸ்டர் என்ற கடற்புவியியலாளரும் ஸ்டீவன் நாடிஸ் என்ற அறிவியல் எழுத்தாளரும். படிக்கத் தொடங்கியபோது நமக்கு எழுந்தது, நிலத்தைக் கெடுத்தது போதாதா, இனிக் கடலுமா என்ற கோபம். படித்து முடித்தபோது கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு சங்கடமும் வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம், வாதம் வலுவாக இருந்தது. அந்தச் சங்கடத்தோடு பல நாட்கள் இருந்த பிறகே இதை எழுதுகிறோம்.

*

முதலில் கழிவைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். உலையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வரும் யுரேனிய எரிபொருள், உள்ளே போனதைக் காட்டிலும் பன்மடங்கு கொடியது. காப்பு ஏதுமின்றி அதன் அருகே நிற்பவர் சில நிமிடங்களில் உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சை வாங்கிக்கொள்வார். கதிர்வீச்சு போதாதென்று வெப்பமும் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். எனவே ஆழமான நீர்த்தொட்டிகளில் பல ஆண்டுகள் ஆறவிடுகிறார்கள். பிறகு சில நாடுகள் அதை எஃகும் கான்கிரீட்டுமான பெட்டகங்களுக்கு மாற்றுகின்றன. சில நாடுகள் மறுபடி பிரித்தெடுக்கின்றன. அணு மின்சாரம் தொடங்கிய 1954 முதல் உலகில் இப்படி வெளிவந்த எரிபொருள் ஏறத்தாழ 4 லட்சம் டன் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு.

இந்தக் குவியலில் இருக்கும் பொருட்களுக்கெல்லாம் ஒரே ஆயுள் அன்று. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். முந்நூறு ஆண்டுகள் பொறுத்தால் அவற்றின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். அயோடின்-129க்கு 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள். மனிதர் பயிரிடத் தொடங்கிப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதைப் போல இரு மடங்கு காலம் சென்ற பிறகும் புளூட்டோனியத்தில் பாதி மீதமிருக்கும்.

ஆகவே கேள்வி இதுதான்: இதை எங்கே வைப்பது? ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனுக்கு அனுப்பலாம் என்றார்கள். ராக்கெட் வெடித்தால் என்னாவது என்ற கேள்விக்குப் பதிலில்லை. துருவப் பனிக்கட்டியில் புதைக்கலாம் என்றார்கள். பனி நகரக்கூடியது, உருகக்கூடியது. எஞ்சியவை பாறையும் சேறும்.

*

ஹாலிஸ்டர் சேற்றை அறிந்தவர். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். புரூஸ் ஹீசனோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட ‘தி ஃபேஸ் ஆஃப் த டீப்’ ஆழ்கடல் தரையின் புகைப்படங்களால் நிறைந்த பெரிய நூல். கடலடியில் நீண்ட குழாயைச் செருகிச் சேற்றை அடுக்குக் குலையாமல் தூண்போல மேலே கொண்டுவருவது அவர் குழுவின் வேலைகளுள் ஒன்று. 1970களில் ஹவாய்க்கு வடக்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில், 5,700 மீட்டர் ஆழத்தில், அப்படியொரு தூணை எடுத்தார்கள். நீளம் 24 மீட்டர். நிறம் சாக்லேட் பழுப்பு. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூமியின் வரலாறு இடையில் அறுபடாமல் அதில் இருந்தது.

இந்தச் செய்தியில் நாம் வெகுநேரம் நின்றுவிட்டோம். டைனோசர்கள் அழிந்த காலத்தைக் குறிக்கும் இரிடியம் செறிந்த அடுக்கு, அந்தத் தூணில் சுமார் 20 மீட்டர் கீழே இருந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு இருபது மீட்டர். கணக்குப் போட்டால் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காற்றில் வரும் புழுதி, எரிமலைத் தூள், விண்ணிலிருந்து விழும் நுண்துகள் இவையே மெல்ல மெல்ல இறங்கி அங்கே தரையாகின்றன. திருவள்ளுவர் காலம் முதல் இன்றுவரை அங்கே படிந்தது நம் விரல் நகத்தின் தடிமன் அளவே இருக்கும். கண்டங்கள் நகர்ந்தன, பனியூழிகள் வந்து போயின. அந்தச் சேறு மட்டும் யாரும் கலைக்காமல் கிடந்திருக்கிறது.

ஹாலிஸ்டரின் எண்ணம் இங்கிருந்துதான் புறப்பட்டது. ஆறு கோடி ஆண்டுகள் அசையாதது இன்னும் சில லட்சம் ஆண்டுகளும் அசையாதிருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறென்ன? அந்த இடம் புவித்தட்டின் நடுவில் இருக்கிறது. நிலநடுக்கமும் எரிமலையும் பெரும்பாலும் தட்டுகளின் விளிம்புகளில் நிகழ்பவை. மேலே உள்ள கடல் பெருஞ்சுழலின் மையம். மீன்வளம் மிகக் குறைவு. களிமண்ணோ குயவர் பிசைந்து வைத்ததைப் போல் இளகியது; துளையிட்டால் துளை தானே மூடிக்கொள்ளும். மிக நுண்ணிய துகள்களாலானது என்பதால் அதனூடே நீர் ஏறத்தாழ நகர்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புளூட்டோனியம் போன்ற உலோகங்கள் களிமண் துகள்களில் இறுக ஒட்டிக்கொள்ளும். பெட்டி துருப்பிடித்து உடைந்தாலும் சேறு அவற்றை விடாது.

சாண்டியா தேசிய ஆய்வகத்தின் பொறுப்பில் 1974இல் அமெரிக்காவில் ஆய்வுத்திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், கனடா உள்ளிட்ட நாடுகளும் சேர்ந்துகொண்டன. 1980களில் அட்லாண்டிக்கில் மதெய்ரா தீவுக்கு மேற்கே, ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டார்ப்பிடோ வடிவிலான எஃகு ஊடுருவிகளைக் கப்பலிலிருந்து விழவிட்டுப் பார்த்தார்கள். எந்திரம் ஏதுமின்றித் தம் எடையாலேயே விழுந்த அவை, தரையைத் துளைத்துச் சுமார் 30 மீட்டர் உள்ளே சென்றன. உள்ளே கழிவு எதுவும் இல்லை, வெறும் ஒத்திகை.

குறைகளும் தெரிந்தே இருந்தன. களிமண்ணில் ஒட்டாத பொருட்களும் கழிவில் உண்டு. அயோடினும் டெக்னீசியமும் அத்தகையவை. வெப்பம் வெளிவிடும் பெட்டியைச் சுற்றிச் சேறு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இன்னும் நீண்ட சோதனைகள் வேண்டியிருந்தன. கழிவைத் துறைமுகம்வரை கொண்டுவந்து கப்பலேற்றிப் பெருங்கடலின் நடுவே கொண்டுசெல்லும் பயணத்தில், மேலே நடக்கும் ஒரு விபத்து கீழே உள்ள அமைதியையெல்லாம் பொருளற்றதாக்கிவிடும். ஆய்வாளர்கள் இவற்றை மறைக்கவில்லை.

விடை கிடைப்பதற்குள் 1986இல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்திற்று. அடுத்த ஆண்டே நெவாடாவின் யக்கா மலை ஒன்றை மட்டுமே ஆராய்வது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அந்த மலைத்திட்டமும் 2010 வாக்கில் நின்றுபோனது. ஹாலிஸ்டர் தம் கருத்தைத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். 1999இல் வயோமிங்கில் மலைநடைப் பயணத்தின்போது தவறி விழுந்து இறந்தார். சேற்றைப் பற்றிய திட்டமே கிணற்றில் போட்ட கல்லாயிற்று.

*

நல்ல வாதம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு அறிவியலாளர்கள் அரசியலைக் குறைசொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் இந்த வாதம் கடலுக்குள் இறங்கும்முன், அதே கடலுக்குள் வேறு பல இறங்கியிருந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

1946இல் அமெரிக்கா கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் கதிரியக்கக் கழிவைக் கடலில் போட்டது; இதுவே பதிவாகியுள்ள முதல் நிகழ்வு. 1970க்குள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அப்பாலுள்ள ஃபாரலன் தீவுகளையொட்டி மட்டும் சுமார் 47,500 பீப்பாய்கள் இறக்கப்பட்டன. ஐரோப்பிய நாடுகள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் போட்டவை 2 லட்சத்துக்கும் மேல். சோவியத் ஒன்றியம் எரிபொருளோடு கூடிய உலைகளையே ஆர்க்டிக்கின் காரா கடலில் மூழ்கடித்தது என்பது, அந்த நாடு உடைந்த பிறகு 1993இல் வெளியான அறிக்கையால் உலகுக்குத் தெரிந்தது. இவற்றுள் யாரும் சேற்றின் தன்மையை ஆராயவில்லை. தரைக்கு அடியில் புதைக்கவும் இல்லை; தரைமேல் போட்டார்கள், அவ்வளவே.

2025 கோடையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘லத்தலாந்த்’ என்ற கப்பலில் அந்த அட்லாண்டிக் பீப்பாய்களைத் தேடிச் சென்றார்கள். நாலாயிரம் மீட்டருக்கும் கீழே தானியங்கிக் கலமொன்றை இறக்கி, ஒரு சிறு பகுதியில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பீப்பாய்களின் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். போட்டவர்கள் எண்ணிக்கையை எழுதிவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்பதை ஒருவரும் அறியவில்லை. பேரப்பிள்ளைகளின் தலைமுறை கப்பல் கட்டி, காசு செலவழித்துப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹாலிஸ்டரின் திட்டம் இந்த வீச்சிலிருந்து வேறுபட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கப்பல் வருகிறது, நடுக்கடலில் எதையோ இறக்குகிறது, திரும்பிப் போகிறது.

*

நம் பெரியப்பாவின் அஸ்தியைத் திருச்செந்தூர்க் கடலில் கரைத்த நாள் இங்கே நினைவுக்கு வருகிறது. இடுப்பளவு நீரில் நின்று மண்கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட வேண்டும். கரையில் நின்ற உறவுக்காரப் பெரியவர், “திரும்பிப் பார்க்காம ஏறி வாங்கய்யா” என்று குரல் கொடுத்தார். அப்படியே ஏறி வந்தோம். துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, சற்றுத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் கலயத்தின் ஒரு சில்லை அலையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வீசினான். நமக்கு அது முடிந்துபோன காரியம். அவனுக்கு அது அவன் கரை.

அஸ்தியில் நஞ்சில்லை, ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் வருவது ஏறிவருபவருக்கு மட்டுமே இயலும் என்பது அன்று புரிந்தது. கரையிலேயே வாழ்பவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பசிபிக் தீவுகளின் மக்கள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 1980 வாக்கில் ஜப்பான், குறைந்த கதிரியக்கமுள்ள கழிவை டோக்கியோவுக்குத் தென்கிழக்கே சுமார் 900 கிலோமீட்டரில் கடலில் இறக்கத் திட்டமிட்டது. ஜப்பானிய வரைபடத்தில் அது வெறும் நீலம். வட மரியானா தீவுகளில் இருந்தவர்களுக்கு அது தம் வீட்டுக் கொல்லை. அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் வெடித்த அணுகுண்டுகளின் நினைவும் அப்பகுதியில் ஆறாதிருந்தது. அவர்கள் கேட்டது எளிய கேள்வி: அவ்வளவு தீங்கில்லாததென்றால் உங்கள் ஊரிலேயே ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? 1983இல் கிரிபாட்டி, நவூரு ஆகிய இரு குட்டி நாடுகள், கடலில் கதிரியக்கக் கழிவு போடுவதையே தடைசெய்ய வேண்டும் என்று லண்டன் உடன்படிக்கைக் கூட்டத்தில் முன்மொழிந்தன. அந்த ஆண்டு தற்காலிக நிறுத்தம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டனில் மாலுமிகளின் சங்கம் கழிவுக்கப்பலில் ஏற மறுத்தது. 1985இல் ஜப்பானியப் பிரதமர் நாகசோனே தம் நாட்டின் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

கதையின் அடுத்த திருப்பம் 1993 அக்டோபரில். ரஷ்யக் கப்பல் ஒன்று ஜப்பான் கடலில் திரவக் கதிரியக்கக் கழிவைக் கொட்டியதை கிரீன்பீஸ் அமைப்பினர் படம்பிடித்தார்கள். இம்முறை கரையில் நின்றது ஜப்பான், கொதித்தெழுந்ததும் ஜப்பான். அடுத்த மாதமே லண்டனில் முழுத்தடை நிறைவேறியது.

*

இலக்கியம் படிப்பவர்களாகிய நமக்கு இந்த விவகாரத்தில் தனிப்பட்டதொரு அக்கறை உண்டு. அது மொழி பற்றியது.

நிலத்தில் புதைப்பவர்களுக்கு ஒரு பெரும் சிக்கல்: எதிர்காலத்தில் யாரும் தெரியாமல் தோண்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்து உப்புப் படுகையில், ராணுவப் பணிகளில் உண்டான கழிவை 1999 முதல் வைத்துவருகிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருபவரை எப்படி எச்சரிப்பது என்று ஆராய, 1990களின் தொடக்கத்தில் மொழியியலாளர், மானிடவியலாளர், கலைஞர் எனப் பலரைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். கூட்டியது அதே சாண்டியா ஆய்வகம். பல மொழிகளில் கல்வெட்டு, அச்சமூட்டும் முட்களின் காடு, வலியில் துடிக்கும் முகங்கள் என யோசனைகள் வந்தன. அதற்கும் முன்பே தாமஸ் செபியோக் என்ற குறியியல் அறிஞர், சடங்குகள் வழியாகவும் கட்டுக்கதைகள் வழியாகவும் எச்சரிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் ஒரு வகைப் பூசாரிக் குழுவை உருவாக்கலாம் என்று 1984இல் எழுதியிருந்தார். சுடலைமாடன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அத்தனை வினோதமாகப் படாது.

ஆனால் மொழி எவ்வளவு காலம் தாங்கும்? தமிழகக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட எழுத்துகள் தமிழ்தான் என்று இருபதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் அடையாளம் கண்டோம். நடுவில் பல நூற்றாண்டுகள் அந்தப் படுக்கைகளில் ஆட்டிடையர்கள் படுத்து எழுந்திருப்பார்கள். எழுத்தைப் படித்தவர் இல்லை. சிந்துவெளி முத்திரைகளை இன்றுவரை ஐயத்துக்கிடமின்றிப் படித்தவர் இல்லை. இது நாலாயிரம் ஆண்டுகளின் தொலைவு மட்டுமே. புளூட்டோனியத்தின் அரை ஆயுளில் ஆறில் ஒரு பங்கு.

சேற்றுத் திட்டத்தின் உண்மையான கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அதற்கு எச்சரிக்கைப் பலகை வேண்டாம், பூசாரி வேண்டாம். ஐந்தரைக் கிலோமீட்டர் நீரும் முப்பது மீட்டர் களிமண்ணும் மொழியின் வேலையைச் செய்துவிடும். படிக்க ஆளில்லாத இடத்தில் எழுத்து எதற்கு?

எட்டாத இடம் என்ற சொல் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவில் சேற்றாய்வு தொடங்கிய அதே 1974இல், ஹவாய்க்கு வடமேற்கே பசிபிக்கின் அடியில், சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த சோவியத் நீர்மூழ்கியின் ஒரு பகுதியை அமெரிக்க உளவுத்துறை ‘குளோமர் எக்ஸ்ப்ளோரர்’ என்ற கப்பலைக் கொண்டு ரகசியமாகத் தூக்கி எடுத்தது. பசிபிக்கின் தரையில் உருளைக்கிழங்குகளைப்போலச் சிதறிக் கிடக்கும் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு முடிச்சுகளுக்காக இன்று நாடுகளும் நிறுவனங்களும் போட்டியிடுகின்றன. யாருக்கும் எதற்கும் பயன்படாது என்று குறித்துவைத்த இடம் அடுத்த தலைமுறைக்குச் சுரங்கமாகிறது. அப்போது எழுத்தில்லாத அமைதியே ஆபத்தாகிவிடும்.

*

1996இல் உருவாகி 2006இல் நடைமுறைக்கு வந்த லண்டன் நெறிமுறையில் கடல் என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. சொல்லின் பொருளில் ஆர்வமுள்ளவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். கடல் என்பது நீர் மட்டுமன்று. அதன் தரையும் தரைக்கு அடியிலுள்ள மண்ணும் சேர்ந்ததே கடல் என்கிறது அது. இந்த ஒரு வாக்கியத்தால் ஹாலிஸ்டரின் சேறும் கடலாகிவிட்டது. அதில் கழிவைப் புதைப்பது கடலில் போடுவதாகிவிட்டது. ஆழி என்று சொன்ன நம் முன்னோர் நீரை மட்டும் நினைத்தார்களா, அடிமண்ணையும் சேர்த்தா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அதே வரையறையின் வால்பகுதியில் ஒரு விலக்கும் உண்டு. நிலத்திலிருந்து மட்டுமே சென்றடையக்கூடிய கடலடிக் கிடங்குகள் கடலில் சேரா. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில், பால்டிக் கடலின் தரைக்குச் சுமார் 60 மீட்டர் கீழே பாறையைக் குடைந்து, குறுகிய ஆயுள் கொண்ட கதிரியக்கக் கழிவை 1988 முதல் வைத்துவருகிறார்கள். கரையிலிருந்து சுரங்கப்பாதை போகிறது. மேலே கடல்தான், ஆனால் சட்டப்படி அது கடலன்று. இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டு என்று முதலில் சிரிப்பு வரலாம். சற்று யோசித்தால் அதிலொரு பொருள் இருக்கிறது. சுரங்கப்பாதைக்கு ஒரு வாசல் உண்டு. வாசல் ஓர் ஊரில் இருக்கிறது. அந்த ஊருக்கு மக்கள் இருக்கிறார்கள். ஏதாவது கசிந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

நமக்கும் இதில் பங்குண்டு. 2013 முதல் கூடங்குளத்தின் மின்சாரம் நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இதை எழுதும் விளக்கிலும் அதன் ஒரு துளி இருக்கலாம். எரிந்து முடிந்த எரிபொருளை என்ன செய்வது என்பது உச்ச நீதிமன்றம்வரை சென்ற கேள்வி. 2012 நவம்பரில், அவ்வழக்கின் போது, மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் கழிவுக்கான இடமாகப் பேசப்பட்டது. உடனே கோலாரில் போராட்டம் வெடித்தது. கோலார் அன்று என்று விளக்கம் சொன்னார்கள். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இறங்கி உழைத்த சுரங்கம் அது. தங்கம் தீர்ந்ததும் வரைபடத்தில் வெறும் ஓட்டையாகிப்போன இடத்தின் மேல் ஊர் இன்னும் இருக்கிறது என்பதை ஊரார் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல அவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஃபின்லாந்தின் கதை இதற்கு மறுபக்கம். யூராயோக்கி என்ற சிற்றூராட்சியில், 430 மீட்டர் ஆழத்தில், ஓங்கலோ என்ற கிடங்கைக் குடைந்திருக்கிறார்கள். 2024இல் வெற்றுப் பெட்டிகளோடு ஒத்திகை தொடங்கியது. அந்நாட்டுச் சட்டப்படி, வேண்டாம் என்று அந்த ஊராட்சி சொல்லியிருந்தால் திட்டம் அங்கேயே நின்றிருக்கும். 2000இல் அவர்கள் வாக்கெடுத்துச் சம்மதித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களும் இருந்தார்கள். பாறை அங்கே தொல்பழமையானது, உறுதியானது, அது உண்மை. அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு வந்தது, மறுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்ததால்.

ஹாலிஸ்டரின் சேறு யூராயோக்கியின் பாறையைக் காட்டிலும் நல்ல காப்பாகவே இருக்கலாம். பொறியியல் வழியில் அதை மறுக்க நம்மிடம் ஏதுமில்லை; அத்திட்டத்தை நிறுத்தியவர்களும் அப்படி மறுத்து நிறுத்தவில்லை. நம்மைத் தடுப்பது வேறொன்று. அந்தச் சேற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு அடுக்கப்பட்ட காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்: நிலநடுக்கமில்லை, மீனில்லை, நீரோட்டமில்லை, மனிதரில்லை. இவற்றுள் கடைசிக் காரணத்தைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. சம்மதம் கேட்க வேண்டாத இடம் என்பதும் அந்த இடத்தின் பாதுகாப்புகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறது. மின்சாரம் நமக்கு, அமைதி சேற்றுக்கு என்ற பங்கீட்டில் நம் பக்கம் மிக எளிதாக முடிந்துவிடுகிறது.

வீட்டுக் கொல்லையில் ஒரு பெட்டகம் இருந்தால் தூக்கம் வராதுதான். அந்தத் தூக்கமின்மையும் மின்கட்டணத்தின் ஒரு பகுதி என்று எண்ணப் பழக வேண்டியிருக்கிறது. கழிவு எங்கே இருந்தாலும் அதைக் காவல் காக்கவும் குறிப்பெழுதவும் வேண்டாமென்று சொல்லவும் ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். மொழி நாலாயிரம் ஆண்டுகளில் பழுதாகலாம். பழுதாகும்வரை ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்குச் சொல்லிவிட்டுப் போகலாம். எச்சரிக்கைகள் இதுவரை அப்படித்தான் பிழைத்து வந்திருக்கின்றன.

கதிரியக்கக் கழிவுக்கான கடல் தடை, 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவியல் மறுஆய்வுக்கு உரியது. நிலத்தில் இடம் கிடைக்காமல் தவிக்கும் ஏதாவதொரு நாடு, அத்தகைய ஒரு மறுஆய்வின் போது, பழைய கோப்பைத் தூசி தட்டி மேசைமேல் வைக்கக்கூடும். வைக்கட்டும், நல்ல ஆய்வு மறக்கப்படக் கூடாது. சேறு தாங்குமா என்று கேட்பவர்கள் அந்த அறையில் நிச்சயம் இருப்பார்கள். கிரிபாட்டியிலிருந்தும் நவூருவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்களா என்று அப்போது நாம் பார்க்க வேண்டும்.